பினாங்கில் பெரியவர்களுக்கு ஒண்ணுமே இல்லையா? சக்கர நாற்காலி, டேவான், கடற்கரை, தைப்பூசம்

ஜெலுத்தோங் அக்கா
4 ஜனவரி 2026, காலை

தம்பிக்கு 27 வயசு. பிறவியிலேயே செரிபிரல் பால்சி. வலது கை நல்லா வேலை செய்யும், இடது கை இறுகிக்கிடக்கு, நடக்க முடியாது. பேச்சு மெதுவா வரும், புத்தி ரொம்பக் கூர்மை. பள்ளிக்கூடம் முடிஞ்சதிலிருந்து வீடு, டிவி, மாசத்துக்கு ஒரு தடவை மால். பிடிகே, அதான் ஊர்ல இருக்குற மாற்றுத்திறனாளி மறுவாழ்வு நிலையம், அது சின்னப் பிள்ளைங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. பெரியவங்களுக்குப் பினாங்குல ஒண்ணுமே இல்லைன்னுதான் நெனைக்கிறேன். இருந்தா சொல்லுங்க.

சக்கரக்காரன்
4 ஜனவரி, இரவு

பிடிகே பிள்ளைகளுக்கு மட்டும் என்பது தவறு. 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் ஆரம்பித்த திட்டம் அது. பெரியவர்களும் பயிற்சியாளர்களாகச் சேரலாம். நேராகச் சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை), அடையாள அட்டை, கூடவே அவர் தானாக என்ன செய்வார், எதற்குக் கை கொடுக்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதி எடுத்துப் போங்கள்.

நிலையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தெந்த நாளில் வருகிறார்கள்? 27 வயது ஆளைப் பாசிமணி கோக்க உட்காரவைத்தால் மூன்றாம் வாரம் வரமாட்டேன் என்பார். அதில் அவர்மேல் குற்றமில்லை.

பினாங்கில் இடம் இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடம் நிறைய இருக்கிறது. வீட்டு வாசலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே எங்கோ ஒரு படி, ஒரு விளிம்பு, பூட்டிய ஒரு கழிவறைக் கதவு: அந்த ஒன்றில்தான் பயணம் முறிகிறது. அது எது என்று அளவு நாடாவை வைத்துக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் பிளாட்டில் டேவான், அதாவது பொது மண்டபம், இருக்கிறதா? தரையில் பேட்மிண்டன் கோடு இருக்கிறதா? இருந்தால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். பொச்சியா.

ஜெலுத்தோங் அக்கா
5 ஜனவரி

டேவான் இருக்கு, கோடும் இருக்கு. வாசல்ல ரெண்டு படி. பொச்சியான்னா என்ன?

சக்கரக்காரன்
5 ஜனவரி, இரவு

செரிபிரல் பால்சி உள்ளவர்களுக்காகவே வளர்ந்த விளையாட்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. டோக்கியோவில் மலேசியாவின் சியூ வெய் லுன் இதில் வெள்ளி வாங்கினார். ஆறு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளையை முதலில் எறிந்துவிட்டு, அதை ஒட்டி யார் பந்து நிற்கிறது என்பதே ஆட்டம். உருட்டலாம், எறியலாம், காலால் தள்ளலாம். கை கால் எதுவும் உதவாதவர் சரிவுக் குழாய் வழியாக விடலாம். பலத்தைவிடக் கணக்கும் பொறுமையும்தான் ஜெயிக்கும். கூர்மையான ஆளுக்குப் பிடிக்கும்.

களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். பேட்மிண்டன் களம் 13.4க்கு 6.1. அதனால்தான் டேவானைக் கேட்டேன், பாதிக் கோடு ஏற்கனவே இருக்கிறது. இப்படி ஒட்டுங்கள்:

ஒரு பக்கத்துப் பின்கோட்டைப் பூஜ்யம் என்று வையுங்கள். அங்கிருந்து 2.5 மீட்டரில் குறுக்கே ஒரு டேப், பக்கக்கோட்டிலிருந்து பக்கக்கோடு வரை. அதுதான் எறியும் கோடு. அதற்குப் பின்னால் ஒரு மீட்டர் அகலத்தில் ஆறு பெட்டிகள். நடுக்கோடு தரையிலேயே இருப்பதால் அதற்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு டேப் ஒட்டினால் போதும். பூஜ்யத்திலிருந்து 4 மீட்டரில் நடுவே ஒரு புள்ளி, 5.5 மீட்டரில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி. மூன்றையும் இணைத்தால் வி வடிவம் வரும். வெள்ளைப் பந்து அதைத் தாண்டி நின்றால்தான் செல்லும். 7.5 மீட்டரில் நடுவே ஒரு சிலுவைக்குறி. அது வலைக்கோட்டைத் தாண்டி 80 செ.மீ. வெள்ளைப் பந்து வெளியே ஓடிப்போனால் அந்தக் குறியில் கொண்டுவந்து வைப்பார்கள். எதிர்முனையில் இரட்டையர் நீள சர்வீஸ் கோடு 12.64 மீட்டரில் கிடக்கும், 14 செ.மீ கூடுதல், பழகுவதற்கு அதையே பின்கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 24 மீட்டர் டேப் ஆகும், இரண்டு சுருள் வாங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் அன்றே உரித்துவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் இரண்டு நாள் விட்டால் பசை தரையோடு போய்விடும், அடுத்த வாரம் டேவான் சாவி கிடைக்காது.

பந்து 275 கிராம், சுற்றளவு 27 செ.மீ. கடைப்பந்து விலை அதிகம். பழைய காலுறைக்குள் மீன்தொட்டிப் பொடிக்கல் 275 கிராம் எடைபோட்டுக் கட்டித் தைத்துவிடுங்கள். 13 பந்து.

பிறை வாசகர்
6 ஜனவரி

பொடிக்கல் பந்து சின்னதாக இருக்கும், தரையில் பட்ட இடத்திலேயே செத்துப்போகும். உருளாது.

சக்கரக்காரன்
6 ஜனவரி, இரவு

பிறை அண்ணன் சொல்வது சரி. நேற்று எடையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டேன். 27 செ.மீ சுற்றளவுப் பந்தின் கொள்ளளவு 330 மி.லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 275 கிராம் கல் அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலைத்தான் நிரப்பும். மிச்சம் தொளதொளவென்று கிடந்தால் பந்து விழுந்த இடத்தில் சப்பையாக உட்கார்ந்துவிடும்.

பச்சைப்பயறு அல்லது அரிசி போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய இந்த எடைக்கு இந்தக் கொள்ளளவை நிரப்பும், பந்து உருண்டையாக நிற்கும். வண்டு பிடிக்காமல் இருக்க, பயற்றை ஃபிரீசரில் நான்கு நாள் வைத்து, வெளியே எடுத்து ஈரம் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, பிறகு காலுறைக்குள் தள்ளுங்கள். ஈரத்தோடு சுற்றினால் உள்ளே முளைவிடும். தைத்து முடித்ததும் 27 செ.மீ நூலைச் சுற்றிப் பாருங்கள். நூல் மிஞ்சினால் பயறு குறைவு.

அக்கா, உங்கள் தம்பியின் கை பந்தைப் பிடித்தால் விடாது என்றால், அது இறுக்கத்தின் வேலை. மணிக்கட்டை உள்பக்கம் மெதுவாக மடக்கினால் விரல்கள் தானே தளரும். விரல்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது, இன்னும் இறுகும்.

ஜெலுத்தோங் அக்கா
8 ஜனவரி

பந்து பதிமூணும் தைச்சாச்சு. படி ரெண்டும் சேர்ந்து 30 செ.மீ. மடக்குற ரேம்ப் ஒண்ணு பார்த்தேன், 1.8 மீட்டர். போதுமா?

சக்கரக்காரன்
8 ஜனவரி

30 செ.மீ உயரத்துக்கு 1.8 மீட்டர் என்றால் ஆறுக்கு ஒன்று சரிவு. பின்னால் பலமான ஒரு ஆள் தள்ளினால் ஏறலாம். அவராக ஏற முடியாது. இறங்கும்போது கண்டிப்பாகப் பின்னோக்கித்தான். தள்ளுபவர் கீழே நின்று முதுகால் வழிபார்த்து இறக்க வேண்டும். முன்னோக்கி இறக்கினால் செரிபிரல் பால்சி உள்ளவர் திடீரென்று உடம்பை விறைத்து முன்னால் சரிய வாய்ப்பு உண்டு. இடுப்பு பெல்ட் போடாமல் ரேம்ப் பக்கமே போகாதீர்கள்.

இரட்டைத் தண்டவாளம் மாதிரி வரும் ரேம்பை வாங்காதீர்கள், நடுவில் ஆள் கால் வைக்க இடம் இருக்காது.

கட்டடக்காரர்
9 ஜனவரி

மடக்கு ரேம்புக்குக் காசு போடுமுன் ஒன்று யோசியுங்கள். பொது டேவானுக்கு நிலையான சரிவுப்பாதை கேட்பது சலுகை இல்லை. சீரான கட்டட உபவிதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்யச் சொல்லும் 34ஏ என்று ஒரு விதி இருக்கிறது. அளவெல்லாம் எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரத்தில் இருக்கிறது, 2014இல் திருத்தியது. சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது 30 செ.மீ படிக்கு 3.6 மீட்டர் ஓட்டம். அகலம் 1.2 மீட்டர் வையுங்கள், மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடி.

கொத்தனார் வழக்கமாகக் கெடுப்பது மூன்று இடத்தில். சரிவின் அடியில் இரண்டு செ.மீ உதடு விட்டுவிடுவார், முன்சக்கரம் அதில் முட்டி நின்று ஆள் முன்னால் போவார். மேலே சமதளம் விடாமல் கதவுக்கே சரிவை முட்டவைப்பார்; கதவு வெளிப்பக்கம் திறந்தால் பின்னால் உருள வேண்டியதுதான். சிமெண்டை வழுவழுவென்று தேய்த்துவிடுவார். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கீறச் சொல்லுங்கள். அடியில் சாக்கடைக் கம்பித்தட்டு இருந்தால், கம்பிகள் நாற்காலி போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இடைவெளி 13 மி.மீக்கு மேல் கூடாது.

சக்கரக்காரன்
9 ஜனவரி, இரவு

நான் மடக்கு ரேம்பையே பேசிக்கொண்டிருந்தேன். கட்டடக்காரர் சொன்ன வழிதான் முதல் வழி. கடிதத்தில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அதன் 26ஆம் பிரிவையும் 32ஆம் பிரிவையும் எழுதலாம். 26 பொதுக் கட்டடங்களுக்குள் நுழையும் உரிமை, 32 பொழுதுபோக்கு, விளையாட்டு உரிமை. ஆனால் அந்தச் சட்டத்தில் மீறினால் இன்ன தண்டனை என்று ஒன்றும் கிடையாது. ஆகவே அதை மட்டும் நம்பி எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கும். 34ஏ விதியை முதல் வரியில் வையுங்கள், படியின் உயரத்தைச் செ.மீட்டரில் எழுதுங்கள், படி அருகே அளவு நாடா தெரிய ஒரு படம் எடுத்து இணையுங்கள். பிளாட் நிர்வாகக் குழுவுக்கு ஒன்று, பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு ஒன்று.

பதில் வரும்வரை மடக்கு ரேம்பை இரவல் வாங்குங்கள்.

பாயான் பாரு
11 ஜனவரி

அண்ணனுக்கு முதுகுத்தண்டு அடி, மார்புக்குக் கீழே உணர்வில்லை. பொட்டானிக் கார்டன், கடற்கரை இரண்டுக்கும் கூட்டிப்போக ஆசை. என்ன கவனிக்கணும்?

சக்கரக்காரன்
11 ஜனவரி, இரவு

இடத்தைவிட வெயிலை முதலில் கவனியுங்கள். முதுகெலும்பின் மார்புப் பகுதி ஆறாவது எலும்புக்கோ அதற்கு மேலேயோ அடி என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. வியர்க்காத உடம்பு நம் ஊர் நண்பகலில் சட்டென்று கொதித்துவிடும். காலை பத்துக்குள் முடியுங்கள், இல்லை ஐந்துக்குப் பிறகு போங்கள். தெளிப்புப் புட்டியில் தண்ணீர் எடுத்துப்போய் முகம், கழுத்து, கையில் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அவருக்கு வியர்வை.

இன்னொன்று, இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, நெற்றியில் மட்டும் வியர்ப்பது வந்தால் இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட், சட்டை, காலுறை எல்லாம் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சரிசெய்தும் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ்தான்.

பொட்டானிக் கார்டனில் தார்ப்பாதை இருக்கிறது, சில இடங்களில் ஏற்றம். சாப்பாட்டுப் பையை நாற்காலியின் பின்கைப்பிடியில் மாட்டாதீர்கள். குரங்கு பாய்ந்து இழுக்கும், கனம் பின்னால் இருப்பதால் ஏற்றத்தில் நாற்காலி மல்லாக்கச் சாயவும் செய்யும். இருக்கைக்கு அடியில் கட்டுங்கள். முதல் தடவைக்குச் சமதளமே நல்லது. கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரம் போங்கள், காற்றும் இருக்கும்.

கடற்கரை மணலில் முன்சக்கரம் புதையும். நாற்காலியைத் திருப்பிப் பெரிய சக்கரம் முன்னே போகும்படி பின்னோக்கி இழுக்க வேண்டும். தூரம் அதிகமென்றால் ஒட்டுப்பலகை. எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்தால் இரண்டடி அகலத்தில் இரண்டு கிடைக்கும். அப்படி மூன்று துண்டு இருந்தால், ஒன்றின் மேல் நிற்கும்போது கடந்த பலகையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். 12 மி.மீ தடிப்பு வேண்டும், 6 மி.மீ நடுவில் வளைந்து முறியும். நாற்காலி அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பின்சக்கரங்களின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 60 செ.மீட்டரைத் தாண்டினால் பலகையை அறுக்காமல் முழுதாகவே போட வேண்டும்.

உணர்வில்லாத காலுக்குத் தண்ணீரில் கண்டிப்பாக மூடிய செருப்பு போடுங்கள். சிப்பி கீறினாலும் ஜெல்லிமீன் பட்டாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். பையில் ஒரு புட்டி வினிகர் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு முன்சக்கர பேரிங்குக்குள் போனால் அடுத்த வாரம் கிறீச்சிடும். பல நாற்காலிகளில் அது 608 அளவு பேரிங், ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும்.

ஜெலுத்தோங் அக்கா
14 ஜனவரி

பஸ்ல ஏத்த முடியுமா? கார் இல்லை.

சக்கரக்காரன்
14 ஜனவரி

ராபிட் பினாங்கு கீழ்த்தள பஸ்களில் மடக்குப் பலகை இருக்கிறது. கஷ்டம் பஸ்ஸில் இல்லை, நிறுத்தத்தில். பஸ் தரை ஏறக்குறைய 30 செ.மீ உயரம், பலகை ஏறக்குறைய 90 செ.மீ. பஸ் ஓரக்கல்லை ஒட்டி நின்றால் மிச்சம் 15 செ.மீதான், ஆறுக்கு ஒன்று சரிவு. ஓரத்தில் கார் நிறுத்தியிருந்து பஸ் நடுரோட்டில் நின்றால் மூன்றுக்கு ஒன்று. அந்தச் சரிவில் ஏற்றாதீர்கள். கார் நிற்காத அடுத்த நிறுத்தம் எதுவென்று முந்தின நாளே நடந்து பார்த்துவையுங்கள். சாலையில் 200 மீட்டர் கூடுதலாகத் தள்ளுவது பரவாயில்லை. டிரைவருக்குத் தூரத்திலிருந்தே கை காட்டுங்கள், அவர் இறங்கி வந்து பலகையை விரிக்க நேரம் வேண்டும்.

வாசலிலிருந்து வாசலுக்கு ராபிட் மொபிலிட்டி வேனும் உண்டு. முன்கூட்டியே பதிய வேண்டும், நாற்காலியின் வகையையும் எடையையும் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

பிறை வாசகர்
16 ஜனவரி

நடுவில் ஒன்று. அப்பா அம்மாவுக்கு வயசாகிறது. அவர்களுக்குப் பிறகு? இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை.

சக்கரக்காரன்
16 ஜனவரி, இரவு

தொட வேண்டியதுதான். மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்று அவரே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பேசுகிறது. பெற்றோர் போன மறுநாள் அந்தத் தேர்வைச் செய்யச் சொன்னால் நடக்காது. இப்போதே மாதத்துக்கு ஒரு பொழுதாவது வீட்டார் அல்லாத ஒருவர் கையில் விட்டுப் பழக்க வேண்டும். முதலில் மூன்று மணி நேரம், பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு.

அதற்கு ஒரு தாள் எழுதுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, எந்தப் பக்கத்தைத் தாங்குவது. சோறு எவ்வளவு குழைய வேண்டும், தண்ணீர் குடிக்கும்போது தலை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும். மருந்து, வேளை, அளவு. வலிப்பு வருமா, வந்தால் எத்தனை நிமிடம் பார்ப்பது. வேண்டாம் என்றால் எப்படிக் காட்டுவார். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான தாள்களில் விடுபட்டுப்போகும், அதை முதல் வரியில் எழுதுங்கள். எழுதும்போது அவரையே கேட்டு எழுதுங்கள். பேச்சு மெதுவாக வந்தால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே.

ஜெலுத்தோங் அக்கா
19 ஜனவரி

தாளை நேத்து அவனும் நானும் உட்கார்ந்து எழுதினோம். மூணு மணி நேரம் ஆச்சு. முதல் வரி அவன் சொன்னது: "என்னைத் தூக்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க." இப்போ தேர் பார்க்கணுமாம். தைப்பூசம் பிப்ரவரி 1.

சக்கரக்காரன்
19 ஜனவரி, இரவு

முடியும். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். நாலு பேர் ஆர்வத்தில் நாற்காலியோடு தூக்க வருவார்கள், கைப்பிடியையும் கால்பலகையையும் பிடிப்பார்கள். இரண்டும் கழன்று வரும் பாகங்கள், கையோடு வந்துவிடும். அடிவாரத்திலேயே கும்பிடலாம்.

தேருக்கு முந்தின நாள்தான் நல்லது. வெள்ளித்தேர் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து காலையிலேயே புறப்படும். புறப்படும் இடத்தில் நெரிசல். வழியில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றைப் பிடித்து, பந்தல்காரர்களிடம் முன்னாடியே சொல்லி, மேசைக்கு உள்பக்கம் நாற்காலிக்கு இடம் கேளுங்கள். மேசை முன்னால் இருந்தால் கூட்டம் தள்ளினாலும் அவர்மேல் சாயாது.

தேங்காய்தான் பெரிய விஷயம். உடைத்த ஓடு சாலை முழுக்கக் கிடக்கும், காற்று டயரைக் குத்தும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்காவிட்டால் கெட்டி ரப்பர், கவலையில்லை. காற்று டயர் என்றால் மாற்று டியூப் இப்போதே வாங்குங்கள். அளவு 24க்கு 1 3/8, டயர் ஓரத்தில் 37-540 என்று இருக்கும். சைக்கிள் கடையில் 24 இஞ்ச் என்று மவுண்டன் பைக் டயரைக் கொடுப்பார்கள், அது 507. பெயர் ஒன்று, விட்டம் வேறு, ஏறாது. தேர் போனதும் உடனே கிளம்பாதீர்கள். மாநகர் மன்றத்துக்காரர்கள் ஓட்டை அள்ளிவிட்டுப் போகட்டும்.

தேங்காய் உடையும் சத்தமும் உறுமியும் செரிபிரல் பால்சி உள்ளவரைத் திடுக்கிடவைக்கும், உடம்பு மொத்தமும் விறைக்கும். அது பயம் இல்லை, அனிச்சை. காதுக்கு நுரை அடைப்பான் போட்டு, கால்பலகையில் பாதங்களைப் பட்டையால் கட்டிவிடுங்கள். வேண்டுமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். முதல் வரி இருக்கிறதே.

கழிவறை: ஓகேயூ கழிவறைக் கதவில் பூட்டு தொங்கும், உள்ளே வாளியும் துடைப்பமும் அடுக்கியிருக்கும். முந்தின நாள் போய்ச் சாவி யாரிடம், எத்தனை மணி வரை என்று கேட்டுவையுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா
22 ஜனவரி

நிர்வாகக் குழு ஞாயிறு மாலை நாலுலேர்ந்து ஆறு வரை டேவான் குடுத்திருக்கு. பத்தாம் பிளாக்ல இருந்து இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க, ஒருத்தருக்கு ரெண்டு கையும் அசையாது, தலை மட்டும்தான். அவரை எப்படிச் சேர்த்துக்கிறது?

சக்கரக்காரன்
22 ஜனவரி, இரவு

சரிவுக் குழாய். 4 இஞ்ச் பிவிசி குழாய், 1.5 மீட்டர், நீளவாக்கில் பாதியாக அறுக்கச் சொல்லுங்கள். பந்து 8.6 செ.மீ விட்டம், அதில் சரியாக உட்காரும். ஓரத்தையும் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் தேயுங்கள். துண்டு துண்டாக ஒட்டினால் ஒட்டிய இடத்தில் பந்து துள்ளும், ஒரே குழாயாக இருக்கட்டும். அடிமுனையின் கீழ்ப்பக்கத்தை அரத்தால் மெலிதாகச் சீவினால் பந்து தரையில் "தொப்" என்று விழாமல் வழுக்கி இறங்கும். மேல்முனையை ஏணியிலோ கேமரா முக்காலியிலோ சாத்தி, உயரத்துக்கு உயரம் டேப் ஒட்டி எண் போடுங்கள். எண் கூடக்கூடப் பந்து தூரம் போகும்.

குழாயை நகர்த்தும் உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. விதியே அதுதான். இடது, வலது, எத்தனாம் எண், எல்லாம் அவர் சொல்ல வேண்டும். பந்தைத் தலையால் தட்டிவிட, தலைப்பட்டையில் ஒரு குச்சி பொருத்தினால் போதும்.

நாலு பேர் இல்லாமல் மூணே பேர் வந்தாலும் ஆடலாம். இருவர் ஆடும்போது சிவப்புப் பந்துக்காரருக்கு மூன்றாம் பெட்டி கொடுங்கள், நீலப் பந்துக்காரருக்கு நாலாம் பெட்டி. சிவப்பு யாருக்கோ அவர்தான் முதலில் வெள்ளையை எறிவார். காசு சுண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.